இட்லிக் கடை அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பெண் பிள்ளைகள் கபடி ஆடும் மைதானத்தை அவர்களிடமிருந்து எடுக்கக் கூடாது என்று நாம் கொடுத்த மனுவின் மேல், மைதானம் நம் பெண் பிள்ளைகளிடமே இருக்கும் என்ற உத்தரவு நேற்று மாலை கைக்கு வந்தது. கடந்த எட்டு மாதங்களில் நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை மறுபடியும் எழுதப் போவதில்லை. கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை, பிழையிருந்தால் பொறுத்தருள்க.

மனுவில் கையெழுத்திட்ட பெற்றோர், கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர், பழைய குறுவட்டப் போட்டிப் பதிவேடுகளைத் தூசு தட்டித் தேடிக் கொடுத்த ஓய்வு பெற்ற எழுத்தர், ரயில்வேயிலிருந்தும் காவல் துறையிலிருந்தும் விடுப்பெடுத்து வந்து நின்ற என் பழைய மாணவிகள் ஆகிய அனைவருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்லி முடிப்பது குறைதான். எனினும், இட்லிக் கடை அக்காவைப் பற்றி எழுத எனக்கு இடம் வேண்டும்.

கண்ணூரில் 1976-இல் தொடங்கப்பட்ட பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவில் நம்பியார் என்னும் பயிற்சியாளரிடம் வளர்ந்த பி.டி. உஷா, 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அதைச் செய்தித்தாளில் படித்து அழுதுவிட்டு உடற்கல்வி படிக்கப் போனவள் நான். 1989-இல் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, பெண்கள் கபடி அணி ஒன்றைக் கட்ட விசிலும் துணிச்சலும் போதும் என்றே நம்பியிருந்தேன். மாணவிகள் உடை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்றுகூட இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆண்கள் கபடி 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்தது; பெண்கள் கபடி சேர 2010-இல் குவாங்சோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருபது ஆண்டுகளும், "இதை ஆடி எம் பொண்ணுக்கு என்ன டீச்சர் கெடைக்கும்?" என்று கேட்ட தாய்மார்களிடம் சொல்ல என்னிடம் உருப்படியான பதில் இருந்ததில்லை.

அந்த நாட்களில் மைதானத்தை ஒட்டியிருந்த தம் கடையின் பின்னறையைத் திறந்துவிட்டவர் அக்கா. நான் கேட்கவில்லை, அவரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உடை மாற்றுவது அங்கே, மாதவிலக்கு நாட்களில் ஒதுங்குவது அங்கே, முட்டி சிராய்த்தால் வெந்நீர் அங்கே. கபடியில் நகை அணிந்து இறங்கக் கூடாது என்பதால், பிள்ளைகள் வளையலையும் கம்மலையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் களத்துக்கு வருவார்கள். அவற்றை அவர் ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு வைப்பார்.

விசாரணை நாளன்று, இந்த நிலத்தில் பெண்கள் தொடர்ந்து விளையாடியதற்கு என்ன சான்று என்ற கேள்விக்குப் பதிவேட்டில் சில ஆண்டுகள் விடுபட்டிருந்ததால் நாங்கள் திணறி நின்றோம். யாரும் அழைக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து, முந்தானையில் சுற்றியிருந்த புட்டியை மேசைமேல் வைத்தார். திரும்ப வாங்க மறந்துபோன கண்ணாடி வளையல்கள், ஒற்றைக் கம்மல்கள், ஊக்குகள். "இங்க யாரும் ஆடலேன்னா, இதெல்லாம் எங்கேர்ந்துங்கய்யா வந்துச்சு?" என்றார். சட்டப்படி அது சான்றாகுமா என்பது வழக்கறிஞருக்குத்தான் தெரியும். ஆனால் அதன்பின் அந்த அறையில் எங்களிடம் பேசிய குரல் மாறியது. பச்சை வளையல் ஒன்றை என் பழைய மாணவி ஒருத்தி அடையாளம் கண்டு, காவல் சீருடையிலேயே விம்மினாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பயிற்சி கொடுத்ததற்காக எனக்குப் பொன்னாடைகள் வந்திருக்கின்றன. அக்காவுக்கு ஒன்றும் வந்ததில்லை; நானும் போர்த்தியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் ஓய்வூதியத்திலிருந்து மைதானத்தின் ஓரத்தில் உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் கட்டித் தருவதாக உங்கள் முன் சொல்கிறேன். அதன் முதல் சாவி அக்காவிடம் இருக்கும். திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. சுண்ணாம்புக் கோடு போட நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பி.டி. டீச்சர்