படத்தில் இருக்கும் தாத்தா நான் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரும் மாத்திரையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட கையோடு படித்தேன். பெரியவர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தில் ஆர்வம் இல்லை, அதனால்தான் மாத்திரையை மறக்கிறார்கள் என்று ஒரு வரி. பக்கத்தில் படம் வேறு: கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழிக்கிற ஒரு தாத்தா. வரைந்தவர் கைகாரர்தான், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருப்பதைக்கூட விடவில்லை.

நான் 1973-இல் தந்தி இலாகாவில் சேர்ந்தவன். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைக் கற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். அப்புறம் டெலிபிரிண்டர் வந்தது, கற்றோம். கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றோம். கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண், தீபாவளி வாழ்த்துக்கு ஒரு எண் என்று வாசகத்தையே எண்ணாக்கி அனுப்பிய கூட்டம் நாங்கள். 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது வருடா வருடம் நவம்பரில், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைக் கைபேசியில் முகத்தைக் காட்டித்தான் அரசாங்கத்துக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் நாலு பென்ஷன்காரர்களுக்கு நான்தான் செய்து கொடுக்கிறேன். அதில் ஒரு மாமி, கண்ணைச் சிமிட்டுங்கள் என்றால் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிடுவார். அதைச் சமாளிப்பதும் தொழில்நுட்பத்தில் சேர்த்திதான்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப்பையும் வைத்துப் பார்த்தேன் ஐயா. பெங்களூரில் இருக்கும் மகன் போட்டுக் கொடுத்தான். மாத்திரை போட்டதும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அவனுக்குச் செய்தி போய்விடும். ஒருநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போனைச் சார்ஜில் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வீட்டுக்காரி கோயிலில். திரும்பி வந்தால் வாசலில் ஐந்தாறு பேர். எதிர்வீட்டுப் பையன் "தாத்தா, தாத்தா" என்று கதவை இடித்துக்கொண்டிருக்கிறான். நான் பின்னாலிருந்து "என்னப்பா?" என்றதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலை மகன், "இனிமே பொத்தானை மறக்காதீங்கப்பா" என்றான். மாத்திரையை மறந்தேனா என்று அவன் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் அந்த ஆப் மூன்று நாள் கூப்பிடவேயில்லை. போன் கடைக்கு எடுத்துப்போனேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் தானாகவே ஆப்பைத் தூங்க வைத்துவிட்டதாம். மறந்தது நானா, அதுவா? கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அதை எடுத்துவிட்டு, போனில் இருக்கும் சாதாரண அலாரத்தையே வைத்துக்கொண்டேன். "சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன்" என்று தமிழில் பெயர் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு இரண்டு அலாரம். ஒன்றுகூடத் தப்பியதில்லை. அவளோ, பழைய அஞ்சறைப் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஏழு கிண்ணத்துக்கும் ஞாயிறு முதல் சனி வரை சீட்டு ஒட்டி, அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துப் போட்டு வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகச் சீரக வாசனை. இதற்கு ஆர்வமின்மை என்றா பெயர்?

எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 300 மருந்து பிராண்டுகளில், கைபேசியில் காட்டினால் மருந்தின் விவரம் சொல்லும் கியூஆர் குறியீடு கட்டாயம் என்று 2023 ஆகஸ்டிலிருந்து விதி. நல்ல விதி. ஆனால் மாத்திரை அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாமாம். ஆறு நாள் மாத்திரை வாங்குகிறவனுக்கு எந்தக் கடைக்காரர் பெட்டியைக் கொடுக்கிறார்? அட்டையையே கத்தரியால் வெட்டி ஆறு மாத்திரை கொடுக்கிறார். பெயரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் மிச்சத்துண்டோடு தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வருவது பெயரில்லாத ஆறு வெள்ளை வட்டங்கள். போன மாதம் பச்சை அட்டையில் வந்த பிபி மாத்திரை இந்த மாதம் நீல அட்டையில் வருகிறது. கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார், கம்பெனி வேற." எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாத மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தவரை ஆங்கில கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு 2016-லேயே சொல்லியாகிவிட்டது. என்னிடம் இருக்கும் டாக்டர் சீட்டை அனுப்பட்டுமா? மோர்ஸ் படித்த நானே தோற்றுப்போனேன்.

ஆப்பில் மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். ஓடிபி மகன் எண்ணுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். அதற்குள் ஓடிபி செத்துவிடும். இதெல்லாம் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தாத்தா படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்திருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் உறைமேல் பேனாவால் எழுதிக் கொடுக்கும்படி மருந்துக்கடைக்காரர்களுக்குத் தங்கள் இதழில் ஒரு வேண்டுகோள் போடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
ஸ்ரீரங்கம்.

பி.கு.: ஆப்புகளின் பெயர்களைப் போட்டிருந்த பெட்டிச் செய்தியின் எழுத்து கடுகளவு இருந்தது. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். நேராகப் பிடித்துக்கொண்டுதான்.