நபிமொழியோடு தரமும் அச்சாகட்டும்

ஆசிரியருக்கு,

ஹதீஸ்களின், அதாவது நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளின், நம்பகத்தன்மை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, எல்லாவற்றையும் ஏற்போர், எல்லாவற்றையும் மறுப்போர் என இரு அணிகளை மட்டுமே காட்டியது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் முஸ்லிம் அறிஞர்களின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு இருக்கிறது. செய்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுச் சொல்லிவந்த அறிவிப்பாளர் வரிசை அறுபடாமல் வருகிறதா, ஒவ்வோர் அறிவிப்பாளரும் நேர்மையும் நினைவாற்றலும் உடையவரா, செய்தி அதைவிட வலுவான அறிவிப்புக்கு முரண்படுகிறதா என்று துருவித் துருவிப் பார்த்தே ஸஹீஹ் (உறுதியானது), ஹஸன் (ஏற்கத்தக்கது), ளயீஃப் (பலவீனமானது) என்று தரம் பிரித்தார்கள். கேள்வி கேட்பதே மார்க்கத்துக்குப் பகை என்றால், ஹதீஸ்களை ஆராய்ந்து தொகுத்த இமாம் புகாரி (கி.பி. 810–870) வாழ்நாளெல்லாம் செய்தது என்ன?

மண்ணடியில் நான் பார்த்த நாள்காட்டி ஒன்றில், ‘சீனா சென்றேனும் கல்வி தேடு’ என்பது நபிமொழியாகவே அச்சாகியிருந்தது. 12ஆம் நூற்றாண்டிலேயே ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துவிட்டார். கல்வியின் சிறப்பைச் சொல்ல ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உறுதியான நபிமொழி இருக்க, இந்த அலட்சியம் வேதனை தருகிறது. நாள்காட்டியும் துண்டறிக்கையும் அச்சிடுவோர், ரமலான் சிறப்புப் பக்கம் வெளியிடும் நாளிதழ்கள் உட்பட, ஒவ்வொரு நபிமொழியின் கீழும் நூலின் பெயர், எண், தரம் மூன்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

– வாசகர், ராயபுரம், சென்னை-13