ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கின் சிலையில் தேங்கும் தண்ணீருக்கு வழி செய்யக் கோரி மனு (நான்காவது தடவை)

பெறுநர்: மதிப்பிற்குரிய மாவட்ட அதிகாரி அவர்கள்

ஐயா, வணக்கம்.

ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று என மூன்று கடிதம் மாவட்ட மன்றத்துக்கு எழுதிவிட்டோம். ஒன்றுக்கு மட்டும் 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்று ஒரு வரி பதில் வந்தது. ஆகவே இதைத் தங்களுக்கே எழுதுகிறோம். மலாய்ப் படியும் இணைத்திருக்கிறோம். இடத்தை விளக்கத் தேவையில்லை. சந்தைக்கும் மாரியம்மன் கோவிலுக்கும் நடுவே தங்கள் கார் தினமும் சுற்றிப் போகிற ரவுண்டபவுட்தான்.

1. சிலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பால்வெட்டுக்காரர்களின் நினைவாகப் பெரிய மங்கு வைக்கப் போகிறார்கள் என்றதும் முதலில் கைதட்டியவர்கள் நாங்கள். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், காண்டாக் கம்பில் பால் வாளி தொங்கவிட்டுச் சுமந்த தோள்கள் இன்னும் இந்தத் தெருவில் இருக்கின்றன. தோட்டமெல்லாம் செம்பனை ஆன பிறகு, மங்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதுதான் மிச்சம்.

2. ஆனால் அது வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி நிற்கிறது. அடியில் தண்ணீர் போக ஓட்டை இல்லை. நம் ஊர் மழை தங்களுக்குத் தெரியும்.

3. போன தீபாவளிக்கு விளக்குச் சரம் கட்ட ஏணி போட்டு ஏறிய பையன், உள்ளேயிருந்து ஒரு மைலோ டின் தண்ணீர் மொண்டு வந்தான். நானே கையில் வாங்கிப் பார்த்தேன். அழுகிய இலைக்கு நடுவே கொசுப்புழுக்கள் நெளிந்து மேலே வருவதும், தலைகீழாகத் தொங்குவதும், டின்னைத் தட்டினால் அடியில் போய் ஒளிவதுமாக இருந்தன. எண்ண முடியவில்லை.

4. ஆகஸ்டில் என் பேத்திக்கு டெங்கி. ஆறு வயது. சிலைக்கு எதிரே இருக்கும் பாலர் பள்ளியில் படிக்கிறாள். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்? மூன்று நாள் காய்ச்சல் கொதித்தது. நான்காம் நாள் விட்டது, பிழைத்தாள் என்று நினைத்தோம். அப்புறம்தான் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் இரத்தம். பிளேட்லெட் இறங்க இறங்க, ஆஸ்பத்திரியில் அந்தக் குச்சிக் கையில் ஊசி குத்த இடமில்லாமல் மறு கைக்கு மாற்றினார்கள். "பாட்டி, வீட்டுக்குப் போலாம்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. எட்டு நாள். அதே தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள். புகை அடித்தார்கள், சரி. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் கிடக்கிற புழுவை என்ன செய்யும்? வெயிலில் வற்றிவிடும் என்று ஓர் ஊழியர் சொன்னார். ஏடிஸ் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது ஐயா. அடுத்த மழையில் பொரித்து ஒரு வாரம், பத்து நாளில் பறந்துவிடும்.

5. அந்த வாரமே என் ரோஜாத் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் இருந்ததென்று 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் கம்பவுண்ட் அபராதம். கட்டிவிட்டேன். மங்குச் சிலைக்கு யார் கம்பவுண்ட் எழுதுவது?

6. பேரன் கைப்பேசியில் காட்டினான். அமெரிக்காவில் பிலடெல்பியா நகர மண்டபத்துக்கு எதிரே 45 அடி உயரத்துக்குத் துணி மாட்டும் கிளிப் நிற்கிறதாம், கிளேஸ் ஓல்டன்பர்க் 1976இல் செய்தது. கிளிப்பில் தண்ணீர் தங்காது. மினியாபொலிஸில் அவரும் மனைவியும் சேர்ந்து செய்த பெரிய கரண்டி, மேலே செர்ரிப் பழம். அந்தக் காம்பிலிருந்து தண்ணீர் தூவி ஓடிக்கொண்டிருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே யோசித்திருக்கிறார்கள். இங்கே மங்கு செய்தவர்கள் ஒரு பால்வெட்டுக்காரியையாவது கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் வெட்டியவள் சொல்கிறேன்: வெட்டு இல்லாத நாளில் மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்!

7. ஓர் ஓட்டை ஐயா. அடியில் ஒரே ஓர் ஓட்டை.

8. கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். மழைக்காலம் வந்துவிட்டது. அடுத்த மழைக்குள் ஓட்டை போட உத்தரவிடுங்கள். முடியாதென்றால் சிலையைக் கவிழ்த்தாவது வைத்துக் கொடுங்கள். ஏணி கோவிலில் இருக்கிறது. என்றைக்கு வருவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரவுண்டபவுட் தெருக் குடும்பங்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)