செயலாளர் ஆண்டறிக்கை: பெண்கள் வாக்குரிமைப் பலகைகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் வேலூர் சங்கத்தின் இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி, கண்காட்சிப் பலகைகளைத் திருத்துவதிலேயே போனது. "1921இல் சென்னை மாகாணப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை" என்று ஒரு பலகை. அதில் "அனைவருக்கும்" என்ற சொல் பிழை. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பெண்கள் வாக்குப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை மாகாண சபைகளிடம் விட்டது. பெண் என்பதற்காகவே வாக்கு மறுத்த தடையை 1921இல் சென்னை மாகாண சபை நீக்கியது. சொத்து, வரித் தகுதி மட்டும் அப்படியே நின்றது. தன் பெயரில் பட்டா இல்லாத ஆற்காட்டு விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களையும் சொத்துள்ளவர்களின் மனைவியரையும் சேர்த்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது அரசியலமைப்பின் 326ஆம் பிரிவோடுதான் வந்தது.

"கேட்காமலே கிடைத்தது" என்ற பேச்சும் நம் ஊர் மேடைகளில் ஓயவில்லை. 1917 டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டன் அரசின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. இதைச் சொல்லும் பலகையை இனி முதலில் வைக்கிறோம்.

1911 லண்டன் ஊர்வலத்தில் சேலை கட்டிய பெண்கள் நடக்கும் படத்தை, இந்தியப் பெண்களின் வாக்குக்கான போராட்டம் என்று ஒட்டியிருந்தோம். அது பிரிட்டன் பெண்கள் வாக்குரிமை இயக்கம் நடத்திய ஊர்வலம். நம் பெண்கள் பேரரசுப் பிரிவில் நடந்தார்கள். விளக்கம் மாற்றப்பட்டது.

அதிக நேரம் எடுத்தது 1951–52 பலகை. முதல் பொதுத்தேர்தல் பட்டியலில் சுமார் 28 லட்சம் பெண்கள் விடுபட்டனர். சொந்தப் பெயர் சொல்லாமல் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிந்ததுதான் காரணம். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. நம் பக்கம் நடந்ததாக எழுதக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது சரியே.

நம் பக்கத்துச் சிக்கல் இனிஷியல். பிறந்த வீட்டில் "ர. செல்வி", புகுந்த வீட்டில் "மு. செல்வி". குடியாத்தத்தில் பிறந்து காட்பாடிக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயர் வாக்காளர் பட்டியலில் பிறந்த ஊரின் பாகத்திலேயே கிடக்கும். புதிய வாக்காளராகச் சேர்வதற்கான படிவம் 6 கொடுத்தால் இரட்டைப் பதிவாகிவிடும். முகவரி மாற்றத்துக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் படிவம் 8 போதும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைசிப் பலகையாக வைத்துள்ளோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வீட்டில் பழைய வாக்காளர் பட்டியல் நகல் வைத்திருப்போர் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறேன். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

செயலாளர்