கவுண்ட் இல்லாம கட்டா வர மாட்டேங்குதுன்னு கேட்ட அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

வயசுல நீங்க மூத்தவர், பெல்ட்ல நான் சீனியர், அதனால கிளாஸ்ல உங்கள எப்படிக் கூப்பிடறதுன்னே எனக்கு ஒரு சங்கடம், இங்க அண்ணேன்னே வச்சுக்கறேன். போன கராத்தே கிளாஸ் முடிஞ்சு பெல்ட்ட மடிச்சுக்கிட்டே கேட்டீங்கல்ல, "இச்சி, நி, சான்னு (ஒண்ணு, ரெண்டு, மூணு) நம்ம மாஸ்டர் சென்செய் எண்ணும்போது ஹெயான் ஷோடான் தண்ணி பட்ட பாடா வருது, அவர் எண்ணாம விட்டா பாதியில நின்னுடறேன், வயசாயிடுச்சோ"ன்னு. வயசெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. உங்க பக்கத்துல நிக்கிற எட்டு வயசு பசங்களும் அதே இடத்துல தான் நிக்கிறாங்க, என்ன, அவங்க கூச்சப்படாம பக்கத்துல இருக்கிறவனப் பாத்து திரும்பிடறாங்க.

விஷயம் என்னன்னா, கட்டாங்கறது வரிசை மாறாம தனியா பண்ற அசைவுத் தொடர், ஹெயான் ஷோடான் கட்டால இருக்கிற 21 அசைவையும் நீங்க 21 நம்பரா மனசுல போட்டு வச்சிருக்கீங்க. கட்டா பண்ணும்போது உங்க உதடு அசையுது, நான் பின் வரிசையிலருந்து கண்ணாடில பாக்கறேன். ஒன்பது வரைக்கும் போகும், கியாய்னு அந்தக் கத்தலக் குடுப்பீங்க, அப்புறம் "பத்து"ன்னு உதடு சொல்லுது, ஆனா கால் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அப்படியே நிக்குது. நம்பருக்கு திசை கிடையாதுல்ல.

இப்படி கூட்டமா நிக்க வச்சு எண்ணி சொல்லிக்குடுக்கறது, என்னக் கேட்டா பள்ளிக்கூடத்து வழக்கம். ஒகினாவாவுல 1901 வாக்குல பள்ளிக்கூடத்துக்குள்ள கராத்தேவக் கொண்டு போனவர் இடோசு ஆங்கோ, பசங்களுக்காக அவர் கட்டி வச்சது தான் பினான்னு பேர் இருந்த இந்த அஞ்சு கட்டா. 1922ல ஃபுனாகோஷி கிச்சின் ஒகினாவாவுலருந்து ஜப்பான் பெருநிலத்துக்குப் போய் அங்கயே சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சார், அப்புறம் பினான ஹெயான்னு மாத்தினார், அதோட ரெண்டாவதா இருந்தத முதல்ல கொண்டாந்து வச்சார், ஏன்னா அது தான் சுலபம். நீங்க இப்ப மல்லுக்கட்டுறது பழைய கணக்குல ரெண்டாவது பாடம். இது ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன், விடுங்க.

உங்களுக்கு தைக்யோகு ஷோடான்ங்கற இன்னொரு கட்டா தெரியும், அது கவுண்ட் இல்லாம நல்லாவே வருது, நானே பாத்திருக்கேன். ஹெயான் ஷோடானோட எலும்புக்கூடு அதே தான்ணே! அதே ஐ எழுத்து மாதிரி கோடு, அதே திருப்பங்க. தைக்யோகுல 20 அசைவு, இதுல 21, அந்த ஒரு கூடுதல் எதுன்னா வலது பக்கம் திரும்பி கெடான் பராய், அதான் கீழ தட்டிவிடறது, போட்டதும் வர்ற டெட்சுயி, அந்த முஷ்டியோட அடிப்பக்கத்தால அடிக்கிறது. போகும்போது நடுக்கோட்டுல மூணு குத்து இருந்த இடத்துல மூணு ஆகே உகே, கைய மேல தூக்கித் தடுக்கிறது. கடைசி நாலும் ஷூட்டோ உகேயா, அதாவது விரிச்ச கையோட விளிம்பால தடுக்கிறதா மாறி, அதுல ரெண்டு மட்டும் 45 டிகிரி சாஞ்சு மூலைக்குப் போகுது. மாறுறது இவ்ளோ தான், மிச்சம் எல்லாம் ஏற்கெனவே உங்க கால்ல இருக்கு.

அதனால நம்பர விட்டுட்டு ஆள நினைச்சுக்குங்க. இடப்பக்கம் ஒருத்தன் வர்றான், அவன் உதைய கீழ தட்டிவிட்டு உள்ள போய் குத்து. பின்னாடி இன்னொருத்தன், அவனையும் தட்டுறீங்க, ஆனா இவன் உங்க மணிக்கட்டப் புடிச்சுட்டான், அதான் முன்னங்கால பாதி தூரம் இழுத்து கையப் புடுங்கி சுத்தி மேலருந்து அடிக்கிறீங்க, அப்புறம் தான் குத்து. இந்த இடத்துக்கு எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுத்த பங்காய், அதாவது அசைவுக்கான சண்டை விளக்கம், இது தான், வேற விளக்கமும் சொல்றவங்க உண்டு, ஆனா மனசுல நிக்க இது போதும். மணிக்கட்டப் புடிச்சவன் ஞாபகம் இருந்தா டெட்சுயிய விடவே மாட்டீங்க. இப்படி துண்டு துண்டா எடுத்தா இடம் ரெண்டு, வலம் மூணு, நடுக்கோடு நாலு, அங்க போய் ரெண்டு ரெண்டு, திரும்பி வர்ற கோடு நாலு, கடைசி ஷூட்டோ நாலு. கவுண்ட்ல பண்ணும்போது எல்லா அசைவுக்கும் ஒரே இடைவெளி விழுது பாருங்க, அது கட்டாவோட தாளம் இல்ல. தட்டுறதும் குத்துறதும் ஒரே மூச்சுல சேர்ந்து வரணும், அடுத்த ஆளுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி தான் ஒரு சின்ன நிறுத்தம்.

இப்ப அந்த பத்தாவது. மூணாவது ஆகே உகே, கியாய், வலது கால் முன்னாடி இருக்கு, முன் சுவரப் பாத்து நிக்கிறீங்க. இங்கருந்து போக வேண்டியது உங்க வலப்பக்கத்து சுவருக்கு, ஆனா நேரா வலப்பக்கம் திரும்பறதில்ல, இடப்பக்கமா முதுகு வழியா 270 டிகிரி சுத்திப் போறோம். தலை சுத்துறதே இதனால தான். சுத்தும்போது வலது கால் அச்சு, இடது கால் முதுகுக்குப் பின்னாடி குறுக்க போகுது. எல்லாரும் தப்பு பண்றது அந்தக் குறுக்க போற தூரத்துல, பாதியிலேயே இடது கால வச்சுடறாங்க. அப்ப ரெண்டு காலும் ஒரே கோட்டுல வந்துடுது, ஜென்குட்சு டாச்சில, அதான் முன்னங்கால மடக்கி நிக்கிற நிலைல, ரெண்டு காலுக்கும் நடுவுல இடுப்பகலம் இருக்கணும்ல, அது போச்சு, யாராவது தோள லேசா தள்ளினாலே சாஞ்சுடுவீங்க. நீங்க சாயறது கால் பலம் இல்லாததாலன்னு நினைச்சு ஸ்குவாட் போடறதா சொன்னீங்க, போடுங்க, நல்லது தான், ஆனா இதுக்கு மருந்து அது இல்ல.

நான் செய்யறது என்னன்னா, கியாய் முடிஞ்சதும் முதல்ல கழுத்து. வலது தோளுக்கு மேல வலப்பக்கத்து சுவர ஒரு பார்வை, அந்த ஆள் அங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கறேன். அப்புறம் இடது பாதத்த தரையோட உரசிக்கிட்டே பின்னாடி குறுக்க கொண்டு போய், போதும்னு தோணுற இடத்துக்கு இன்னும் ஒரு பாதம் தள்ளி வைக்கிறேன், அப்புறம் தான் இடுப்பத் திருப்பி கெடான் பராய். இடுப்பு திரும்பும்போது வலது பாதமும் கூடவே திரும்பணும், பாதம் தரையில ஒட்டிக்கிட்டா முட்டி முறுக்கிக்கும், நம்ம வயசுக்கு அது வேண்டவே வேண்டாம். இதே 270 பதினெட்டாவதுல திரும்ப வரும், அங்க போய் நிக்கறது கோகுட்சு டாச்சி, எடை முக்காவாசி பின்னங்கால்ல. பத்தாவது சரியானா அதுவும் பாதி சரியான மாதிரி தான்.

முடிச்ச இடம் ஆரம்பிச்ச இடத்துலருந்து தள்ளிப் போகுதுன்னும் வருத்தப்பட்டீங்க. போகும்போது ஆகே உகேல கை மேல இருக்கா, பயந்து பயந்து சின்ன அடியா வைக்கிறீங்க, திரும்பி வரும்போது குத்துன்னதும் வேகம் வந்து பெரிய அடி. அப்ப பின்னாடி தள்ளி தானே முடியும். குத்து பலமா விழணும்னு பாயாம அந்த ஆகே உகே அடிகள நீட்டுங்க, அது தான் சரி.

வீட்ல பண்ண ஒண்ணு சொல்றேன். ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கிட்டு கால மட்டும் வச்சு முழு கட்டாவும் போங்க, மெதுவா, வாயத் திறக்காம. அது வந்ததும் வேற சுவரப் பாத்து நின்னு ஆரம்பிங்க. கண்ணாடி இல்லாத பக்கம் திரும்பினதும் பாதி கட்டா காணாமப் போயிடும் பாருங்க, எனக்கெல்லாம் பிரவுன் பெல்ட் வந்தும் அது நடக்கும். எந்த சுவரப் பாத்து நின்னாலும் வருதுன்னா கவுண்ட் தேவையே இல்ல. இடம் பத்தலன்னா ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் பின்னாடி நகந்துக்குங்க, நடுத்துண்டுலருந்து கூட ஆரம்பிச்சுப் பாக்கலாம்.

சென்செய் இந்த தடவ கிரேடிங்ல, அதான் பெல்ட் தேர்வுல, கவுண்ட் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார், அதனால சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க, பின் சுவரப் பாத்து நிப்போம், நீங்க பண்ணுங்க, நான் உதட்ட மட்டும் கவனிக்கறேன். அதுவரைக்கும் சந்தேகம்னா எனக்கு மெசேஜ் போடுங்கண்ணே, உங்க பொண்ணு கிட்ட கேக்காதீங்க, அவ அடுத்த கட்டாவான ஹெயான் நிதானுக்குப் போயிட்டா, ஆரம்பத்துலேயே ரெண்டு கையையும் தூக்கச் சொல்லி உள்ளதையும் குழப்பி விட்டுருவா.