மேடையில் விடுபட்ட நன்றி

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும், பள்ளிக்கு வெளியிலிருந்து கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பருவ நிறைவு விழாவில் நன்றியுரை ஆற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பரிசளிப்பு நீண்டுபோய், கீழ் வகுப்புப் பிள்ளைகள் இருக்கையில் நெளியத் தொடங்கியிருந்ததால், எழுதி வைத்திருந்த நான்கு பக்கங்களை மேடையேறும்போதே ஒரு பத்தியாகச் சுருக்கிவிட்டேன். அப்படிச் சுருக்கியதில் சிறப்பு விருந்தினரும் நன்கொடையாளர்களும் தப்பித்துக்கொண்டார்கள். பருவம் முழுவதும் தங்கள் நேரத்தைக் கொடுத்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். தவறு என்னுடையது. அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கே இம்மடல்.

தேர்வு முடிவுகளும் வென்ற கோப்பைகளும் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடி எழுதவில்லை. அந்தப் பலகையில் இடம்பெற வழியில்லாதவற்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஆய்வக உதவியாளருக்கு. பண்டைக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்த முறையைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே செய்து பார்க்க விரும்பினார்கள். எகிப்தின் தெற்கிலுள்ள சையீனில் சூரியன் உச்சியில் நின்ற நேரத்தில் வடக்கிலுள்ள அலெக்சாந்திரியாவில் நிழல் காட்டிய கோணம் 7.2 பாகை, அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்பதால், இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவை ஐம்பதால் பெருக்கினால் சுற்றளவு கிடைத்துவிடும் என்பதே அவருடைய கணக்கு. நமக்கு நேர் தெற்கே 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு பள்ளியும் உடன் சேர, இரு பள்ளிகளிலும் ஒரே நாளில் ஒரு மீட்டர் கோலை நட்டு, நிழல் மிகக் குறுகும் கணத்துக்காகக் காத்திருந்து அளந்தார்கள். கடிகாரம் பன்னிரண்டு காட்டும் நேரமும் நிழல் மிகக் குறுகும் நேரமும் ஒன்றல்ல என்பதை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தரையில் சாக்கட்டியால் குறியிட்டபடி வெயிலில் நின்று அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

கோண வேறுபாடு 3.2 பாகை என்று வந்தது. அதன்படி பூமியின் சுற்றளவு 33,750 கிலோமீட்டர். உண்மையான அளவு ஏறத்தாழ 40,000. பிழை எங்கே என்று மாணவர்கள் கணக்கை மூன்று முறை சரிபார்த்தார்கள், நானும் ஒரு முறை சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. கோலைப் போய்ப் பார்த்தவர் ஆய்வக உதவியாளர் மட்டும்தான். ஒரு மீட்டர் கோலின் நுனி ஒன்பது மில்லிமீட்டர் சாய்ந்தாலே அரைப் பாகை பிசகிவிடும். அளக்க வேண்டியதே மூன்று பாகைக்கும் குறைவு என்னும்போது அந்த அரைப் பாகை எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் ஒரு நூலில் எடைக்கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, அதற்கு இணையாகக் கோலை நிறுத்திக் காட்டினார்; தெற்குப் பள்ளிக்கும் தொலைபேசியில் அதையே விளக்கினார். அடுத்த வாரம் கிடைத்த வேறுபாடு 2.8 பாகை, சுற்றளவு சுமார் 38,600 கிலோமீட்டர். அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றவர்களாக நான்கு மாணவர்களின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த நால்வரும் தங்கள் சுவரொட்டியின் அடியில் ஆய்வக உதவியாளருக்கு நன்றி எழுதியிருந்தார்கள் என்பதை மேடையில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து உடற்கல்வி ஆசிரியருக்கு. பள்ளிகளுக்கிடையிலான 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் நம் மாணவியர் கடைசியாக வந்தார்கள். அதை ஏன் சாதனைகளோடு சேர்க்கிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். தொடரோட்டத்தில் கோல் 30 மீட்டர் எல்லைக்குள் கைமாற வேண்டும். ஓடுபவரின் கால் எங்கே இருக்கிறது என்பதல்ல, கோல் எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. இரண்டாவது மாற்றத்தில் இரு கைகளுக்கும் இடையே கோல் நழுவி, பக்கத்துத் தடத்துக்கு உருண்டது. தவறவிட்டவரே எடுக்க வேண்டும், பிறர் ஓட்டத்துக்கு இடையூறு செய்யக்கூடாது, குறுக்கு வழியில் தூரத்தைக் குறைத்துவிடக்கூடாது என்பது விதி. அந்த மாணவி ஒரு கணம் நின்று பக்கத்துத் தடத்தில் ஓடியவரைப் போகவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு தன் தடத்துக்குத் திரும்பி, எல்லைக்குள்ளேயே அதைக் கையளித்தார். கடைசி இடம்தான், ஆனாலும் முடித்த அணி. அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தபோதுதான், வாரத்தில் ஒரு மாலை வேண்டுமென்றே கோலைக் கீழே போடச்சொல்லி ஆசிரியர் பயிற்சி கொடுத்திருந்தது தெரியவந்தது. ஒரு போட்டியிலும் ஓடாமல், எல்லாப் பயிற்சியிலும் நேரம் குறித்துக்கொண்டு நின்ற மாற்று வீராங்கனைக்கும் இதே மூச்சில் நன்றி.

மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நான் தனிப்பட்ட முறையிலும் கடன்பட்டிருக்கிறேன். எதிர்ம எண்ணை எதிர்ம எண்ணால் பெருக்கினால் ஏன் நேர்ம எண் வருகிறது என்று அவர்களில் ஒருவரிடம் ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள். “விதி அப்படி” என்று சொல்லித் தப்பிக்க மனம் வராமல், அந்த மாணவர் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். நான் விளக்கத் தொடங்கியது அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: −2 ஐ 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கினால் −4, −2, 0 என்று ஒவ்வொரு படியிலும் இரண்டிரண்டாக விடை ஏறுகிறது, பெருக்கும் எண்ணை இன்னும் ஒன்று குறைத்து −1 ஆக்கினால், விடை 2 ஆகாமல் வேறென்ன ஆகும்? இருபது ஆண்டுகள் கற்பித்த எனக்கு இனி இந்தப் பாடம் இப்படித்தான். “இதற்கு மதிப்பெண் உண்டா?” என்று கேட்ட ஓரிரு பெற்றோருக்கு, இல்லை என்று மட்டும் பதில் சொல்லியிருந்தேன், அப்படிச் சுருக்கமாகச் சொன்னதற்காக வருந்தவும் இல்லை.

நூலகருக்கு நன்றி சொல்லும்போது இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் மூன்றாவது நினைவுக்கு வருகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். ஆண்டுக்கணக்கில் எவரும் எடுக்காத நூல்களை நம் நூலகர் நுழைவாயில் அருகே ஒரு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் “இது யாருக்குப் பிடிக்கும்” என்று ஒரு வரி எழுதிச் செருகி வைத்தார். பருவ இறுதியில் அந்த மேசை பாதி காலியாக இருந்தது.

நாடக ஒத்திகை முடியும்வரை வாயிலைப் பூட்டாமல் காத்திருந்த காவலருக்கும், மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன்பே அரங்கைக் கூட்டித் துடைத்து வைத்த துப்புரவுப் பணியாளர்களுக்கும், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்து ஒத்திகை முடியாததால் வெளியே நின்றே பொறுத்திருந்த பெற்றோருக்கும் நன்றி. ஒத்திகை அட்டவணையை நான் ஒழுங்காகப் போட்டிருந்தால் உங்களில் பலர் அவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்கான அட்டவணை விடுமுறைக்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும்.

நிழல் அளக்கும் பணி புதிய பத்தாம் வகுப்பினரோடு தொடரும். தெற்கிலுள்ள பள்ளியும் இசைந்துவிட்டது. ஆய்வகத்தின் சன்னல் கம்பியில் அந்தத் தூக்குக்குண்டு இன்னும் தொங்குகிறது. விடுமுறையில் சுவருக்கு வண்ணம் அடிக்க வருபவர்கள் அதைக் கழற்றாமல் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்