செல்போனும் புற்றுநோய் பயமும்: பெற்றோர் கவனத்துக்கு

தண்டையார்பேட்டை, சென்னை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "செல்போனை காதில் வைத்தால் மூளையில் கட்டி வருமாமே?" என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011-ல் செல்போன் அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'வரலாம் என்ற ஐயம் உண்டு, ஆதாரம் போதாது' என்பதே அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2024-ல் அந்நிறுவனத்துக்காகத் தொகுக்கப்பட்ட ஆய்வும் செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்கும் சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. ஆனாலும் நம் பிள்ளைகள் நம்மைவிட அதிக வருடங்கள் போன் பிடிக்கப் போகிறவர்கள். காசு செலவில்லாத கவனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முக்கியமாக சிக்னலைப் பாருங்கள். டவர் நன்றாகக் கிடைத்தால் போன் தன் அலையைக் குறைத்துக்கொள்ளும். ஒரே கோடு காட்டினால் முழு பலத்தோடு கத்தும். தகரக் கூரை வீட்டின் உள்ளறை, லிஃப்ட், கூட்டம் நெரியும் கும்மிடிப்பூண்டி ரயில் போன்ற இடங்களில் பேச்சைச் சுருக்குங்கள். வீட்டில் என்றால் வாசலுக்கு வந்து பேசலாம். தெருவில் உள்ள டவரைத் தூரத்துக்குத் தள்ளச் சொல்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: டவர் தள்ளிப் போகப் போக, காதருகே இருக்கும் போன்தான் அதிகம் கத்தும்.

அடுத்தது தூரம். ஸ்பீக்கர் போட்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே தலைக்கு வரும் அலை பெருமளவு குறைந்துவிடும். ஒயர் இயர்போனும் நல்லதே.

'கதிர்வீச்சு தடுப்பு' என்று விற்கும் ஸ்டிக்கரை வாங்காதீர்கள். அது ஆன்டெனாவை மறைத்தால் சிக்னல் குறையும், போன் இன்னும் பலமாக அலை வீசும். காசும் வீண்.

நம் நாட்டில் உடல் உறிஞ்சும் அலைக்கு வரம்பு, உடல் திசு ஒரு கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனின் அளவு தெரிய வேண்டுமா? ஸ்டார், ஹாஷ், சைபர், ஏழு, ஹாஷ் என்று அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் வரும்.

புற்றுநோயைவிட எனக்குக் கவலை தரும் இடம் தலையணை. அதன் அடியில் சார்ஜில் கிடக்கும் போனுக்குச் சூடு வெளியேற வழியில்லை. பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். பிள்ளையின் தூக்கமும் போகும், மறுநாள் முதல் பீரியடிலேயே தலை தொங்கும். இரவு 9 மணிக்குப் போனை வாங்கி, சமையலறை அலமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்